உள்ளூர் வானொலியில் உள்ளூர் வேட்பாளருக்கு இடம் உண்டா? கன்னியாகுமரித் தொகுதியிலிருந்து ஒரு சேவை மதிப்பீடு

கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்ற ஒரு சுயேச்சை வேட்பாளருக்கு ஊடகத் தொடர்புப் பணியைக் கவனித்துக்கொண்டவன் நான். அரசு வானொலி, தனியார் பண்பலை, சமுதாய வானொலி ஆகிய மூன்றும் ஒரு வேட்பாளருக்கு என்ன தருகின்றன, என்ன தர மறுக்கின்றன என்பதை ஒரு பயனாளியின் நிலையில் நின்று இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு முழுவதும் எங்கள் மாவட்டத்திற்கு மிக நெருக்கமாக இருக்கும் பொது ஒலிபரப்பு, தேர்தல் வாரங்களில் மட்டும் தொகுதியை விட்டு விலகிச் சென்னைக்கும் தில்லிக்கும் உரியதாகிவிடுகிறது. பணம் செலவழித்து அந்த இடைவெளியை நிரப்பத் தனியார் பண்பலையை நாடும் வேட்பாளருக்குக் கிடைப்பது சில நொடி விளம்பரம்தானே தவிர, வாக்காளருடன் பேசும் வாய்ப்பு அன்று.

இந்த மண்ணில் வானொலி ஏன் இன்னும் பெரிதாக மதிக்கப்படுகிறது என்பது வெளியூர் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்கள் கைகளை வேலைக்குக் கொடுத்துவிட்டுக் காதுகளால் மட்டுமே உலகத்தைத் தெரிந்துகொள்ளக்கூடியவர்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களில் வானிலை அறிவிப்பு உயிரோடு தொடர்புடையது என்பதை 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எல்லோருக்கும் உணர்த்தியது. இவற்றோடு நாகர்கோவிலுக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984ஆம் ஆண்டு இங்கேதான் தொடங்கப்பட்டது. 101 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் அந்த நிலையத்தை, தென்னை நோயிலிருந்து கோவில் கொடை வரை தங்கள் வாழ்க்கையைப் பேசும் ஒன்றாகவே எங்கள் மாவட்டத்து மக்கள் கருதுகிறார்கள். மாநிலத் தலைநகரத்தின் குரலை அப்படியே வாங்கி ஒலிபரப்புவதற்கு மாறாக, ஒரு மாவட்டத்தின் மக்களோடு அவர்களுடைய பேச்சில் பேசுவதே உள்ளூர் வானொலி என்னும் ஏற்பாட்டின் நோக்கம். அந்த நோக்கத்தை அளவுகோலாக வைத்துத்தான் தேர்தல் காலச் சேவையை நான் அளக்கிறேன்.

முதலில் அரசு வானொலியான ஆகாசவாணியின் இலவச நேரத்தைப் பார்ப்போம். நெருக்கடி நிலைக்குப் பின் நடந்த 1977ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில்தான் கட்சிகளுக்கு வானொலியில் இலவச நேரம் வழங்கும் முறை தொடங்கியது. தேர்தல் ஆணையம் 1998இல் அதற்கு விரிவான திட்டம் வகுத்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 39ஏ பிரிவு சேர்க்கப்பட்டபோது அது சட்ட அடிப்படையும் பெற்றது. அங்கீகரிக்கப்பட்ட தேசியக் கட்சிகளும் மாநிலக் கட்சிகளும் அடிப்படை நேரத்தைச் சமமாகப் பெறுகின்றன. அதற்கு மேற்பட்ட நேரம் முந்தைய தேர்தலில் அவை பெற்ற வாக்குகளுக்கு ஏற்பப் பிரித்துத் தரப்படுகிறது. ஒரே அமர்வில் 15 நிமிடங்களுக்கு மேல் எந்தக் கட்சிக்கும் ஒதுக்கப்படுவதில்லை. எந்த நாளில் எந்தக் கட்சி பேசும் என்பது, கட்சிகளின் பிரதிநிதிகள் முன்னிலையில் குலுக்கல் முறையில் முடிவாகிறது. முன்பு தாளில் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டுவந்த நேரச் சீட்டுகள் 2023 அக்டோபர் முதல் இணையவழியாக வழங்கப்படுகின்றன. ஆட்சியில் இருக்கும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே குலுக்கல், ஒரே ஒலிப்பதிவுக் கூடம், ஒரே விதி என்பது எளிதில் அமைந்துவிடும் ஏற்பாடு அன்று. இந்த நேர்மைக்காகப் பொது ஒலிபரப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் வேட்பாளர் என்பவர் எங்குமே இல்லை. நேரம் கட்சிக்குத்தான் உண்டு; யார் பேசுவது என்பதைக் கட்சியின் தலைமை முடிவு செய்கிறது; மாநில அளவிலான உரைகள் தலைநகர நிலையத்திலிருந்து ஒலிபரப்பாகி, மாநிலத்தின் மற்ற நிலையங்களால் அப்படியே எடுத்து ஒலிபரப்பப்படுகின்றன. இதன் விளைவாக, நாகர்கோவில் நேயர் தன் பகுதியின் அலைவரிசையில் கேட்பது சென்னையில் பதிவான ஒரு மாநிலத் தலைவரின் குரலை. மாவட்ட எல்லையை ஒட்டிய காவல்கிணறு தாண்டினால் யாருக்கும் புரியாத எங்கள் சிக்கல்களுக்கு அந்த உரையில் இடம் இருப்பதில்லை. கேரளத்துக்குக் கல்லும் எம் சாண்ட் என்னும் செயற்கை மணலும் ஏற்றிச்செல்லும் கனரக லாரிகள், களியக்காவிளை நான்குவழிச் சாலைப் பணியின் இழுபறி, ரப்பர் விலை, ஆழ்கடலில் காணாமல் போகும் மீனவர்களைத் தேடும் ஏற்பாடு ஆகியவை பற்றி எங்கள் தொகுதியின் ஆறு சட்டமன்றப் பகுதிகளிலும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேட்கப்பட்டன. அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் தெருமுனையில் ஒலித்தன, வானொலியில் ஒலிக்கவில்லை.

சுயேச்சைகளையும் சிறு கட்சிகளையும் இந்தத் திட்டம் எப்படி நடத்துகிறது என்பதற்கு எங்கள் அனுபவத்தை விடத் தெளிவான சான்று பொதுப் பதிவிலேயே இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் 6 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பெற்ற நாம் தமிழர் கட்சி, இடம் எதையும் வெல்லாததால் மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்தை அப்போது பெறவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் 8 விழுக்காட்டைத் தாண்டிய பிறகு, 2025 ஜனவரியில்தான் அந்த அங்கீகாரம் வந்தது. அக்கட்சியின் கொள்கைகளோடு எனக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல. பல இலட்சம் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட ஒரு குரலுக்கே அங்கீகாரம் வரும்வரை இலவச நேரத்தின் கதவு திறக்காது என்றால், ஒரு தொகுதியில் தனித்து நிற்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

உரைகளின் உள்ளடக்கத்துக்கு வகுக்கப்பட்ட விதிகளைப் பற்றி எனக்கு இருவேறு கருத்துகள் உண்டு. உரையின் எழுத்து வடிவத்தை முன்கூட்டியே தர வேண்டும். பிற நாடுகளை விமர்சிப்பது, மதங்களையும் சமூகங்களையும் தாக்குவது, வன்முறையைத் தூண்டுவது, நீதிமன்ற அவமதிப்பு, ஆபாசம் அல்லது அவதூறு, எந்த ஒரு நபரையும் பெயர் சொல்லி விமர்சிப்பது ஆகியவற்றுக்கு இடமில்லை. பெயர் சொல்லித் தாக்கக்கூடாது என்ற விதி, மேடைகளில் வசைமாரி பொழியும் காலத்தில், வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கத்தக்க ஓர் அரசியல் உரையை உறுதி செய்கிறது. அதை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தக்கூடாது. ஆனால் இதே விதிகளின் பெயரால் 2024 மே மாதத்தில் நடந்தது கவலை தருகிறது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மறைந்த தலைவர் சீதாராம் யெச்சூரியின் உரையில் ‘வகுப்புவாத எதேச்சதிகார ஆட்சி’ என்ற பொருள்படும் தொடரையும், பார்வர்டு பிளாக் கட்சியின் ஜி. தேவராஜனின் உரையில் ‘முஸ்லிம்கள்’ என்ற சொல்லையும் நீக்கச் சொன்னதாகச் செய்திகள் வெளியாயின. தேர்தல் ஆணையத்தின் நெறிமுறைகளைப் பின்பற்றியே திருத்தம் கோரப்பட்டது என்று, ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதி தரப்பில் விளக்கம் தரப்பட்டது. ஓர் அரசை அரசியல் நோக்கில் விமர்சிப்பதையும் ஒரு சமூகத்தின் பெயரைக் குறிப்பிடுவதையும் அவதூறோடும் வெறுப்புப் பேச்சோடும் சேர்த்து எண்ணினால், இலவச நேரத்தின் பயன் பெரிதும் குறைந்துவிடும். தேசிய அளவிலான தலைவர்களுக்கே இந்த நிலை என்றால், ஊடக வழக்கறிஞர் எவரும் இல்லாத எங்களைப் போன்றவர்கள் அந்த மேசையின் முன் எப்படி வாதாடுவோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் பிபிசியின் உள்ளூர் வானொலி ஒரு தொகுதியைப் பற்றித் தேர்தல் செய்தித்தொகுப்பு வழங்கும்போது, அத்தொகுதியில் போட்டியிடும் எல்லா வேட்பாளர்களின் பெயர்களையும் நேயர்களுக்குத் தெரியப்படுத்துகிறது. முதன்மைப் போட்டியாளர்களுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தாலும், ஒரு வேட்பாளர் களத்தில் இருக்கிறார் என்ற உண்மையை மட்டும் யாரும் மறைக்க முடியாது. அங்கே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணம் கொடுத்து அரசியல் விளம்பரம் செய்வதற்குத் தடை இருப்பதால், பொது ஒலிபரப்பின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. இங்கே விளம்பரத்துக்கு அனுமதி உண்டு, தொகுதி வேட்பாளர்களின் பட்டியலை வாசிக்கும் வழக்கம் இல்லை. நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமன்று. கன்னியாகுமரித் தொகுதியில் யார் யார் நிற்கிறார்கள், எந்தச் சின்னத்தில் நிற்கிறார்கள் என்பதை உள்ளூர் நிலையம் நாளுக்கு ஒருமுறை வாசித்தால் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

செய்திகளைப் பொறுத்தவரை ஆகாசவாணி நிதானமானது. வதந்தியை முந்தித் தர வேண்டும் என்ற அவசரம் அதற்கு இல்லை. வாக்குப்பதிவு ஏற்பாடுகள், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள், வாக்காளர் அடையாளச் சான்றுகள் பற்றிய தகவல்கள் துல்லியமாக இருக்கும். வாக்காளர் விழிப்புணர்வு அறிவிப்புகளும் நல்ல தமிழில் அமைந்திருந்தன. தொகுதிப் போட்டியைப் பற்றிய செய்தி மட்டும் பெரும்பாலும் தலைவர்களின் வருகையோடு முடிந்துவிட்டது.

இனி தனியார் பண்பலையும் அதற்கான சான்றளிப்பு முறையும். ஒரு வேட்பாளர் வானொலியில் விளம்பரம் செய்ய வேண்டுமென்றால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் முன்சான்று பெற வேண்டும். இந்த நடைமுறைக்கு மூலம், ஆந்திரத்தைச் சேர்ந்த ஜெமினி தொலைக்காட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 13 அன்று பிறப்பித்த ஆணை. முதலில் தொலைக்காட்சிக்கும் கேபிள் வலையமைப்புகளுக்கும் உரியதாக இருந்த அந்த ஏற்பாடு பின்னர் வானொலிக்கும் விரிவாக்கப்பட்டது. வேட்பாளர் ஒலிபரப்பு நாளுக்குக் குறைந்தது 3 நாட்களுக்கு முன்பு விண்ணப்பிக்க வேண்டும். விளம்பரத்தின் மின்னணுப் பிரதிகள் இரண்டு, சான்றொப்பமிட்ட முழு எழுத்து வடிவம், தயாரிப்புச் செலவு, ஒலிபரப்புச் செலவு, எத்தனை முறை ஒலிக்கும் என்ற விவரம், பணம் காசோலையாகவோ வரைவோலையாகவோ மட்டுமே தரப்படும் என்ற உறுதிமொழி ஆகியவை உடன் இருக்க வேண்டும்.

இந்தக் குழுவின் பணியைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. வாசகங்களை வரி வரியாகப் படித்தார்கள். எங்கள் விளம்பரத்தில் ஒரு தொடருக்குச் சான்று கேட்டபோது, அதை எப்படி மாற்றினால் ஏற்புடையதாகும் என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பகுதிகளில் வாழும் மலையாளம் பேசும் வாக்காளர்களுக்காக நாங்கள் தயாரித்த மலையாள விளம்பரத்தையும் அதே கவனத்தோடு ஆராய்ந்தார்கள். அரசு அலுவலகத்தில் சாதாரண மனிதருக்கு மரியாதை கிடைக்காது என்று பேசுகிறவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன்.

சிக்கல் கால அட்டவணையில் இருக்கிறது. 2024இல் தமிழ்நாட்டில் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 30. சுயேச்சை வேட்பாளருக்குச் சின்னம் ஒதுக்கப்படுவது அதன் பிறகுதான். வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதற்கு 48 மணி நேரம் முன்பே, ஏப்ரல் 17 மாலையில் பரப்புரை ஓய்ந்துவிட வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் பல ஆண்டுகளாக மக்கள் மனத்தில் பதிந்த சின்னத்தோடு களம் இறங்குகிறார். சுயேச்சையோ மூன்று வாரம்கூட இல்லாத காலத்துக்குள் சின்னத்தைப் பெற்று, வாசகம் எழுதி, ஒலிப்பதிவு செய்து, சான்று வாங்கி, நேரம் பிடித்து, அதன் பிறகே தன் சின்னத்தை நேயர்களின் காதில் சேர்க்க முடிகிறது. விண்ணப்பத்துக்கு உரிய நாட்களையும் விடுமுறைகளையும் கழித்தால் எஞ்சுவது மிகக் குறைவு. செலவுக் கணக்கிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு 95 இலட்சம் ரூபாய். வேட்பாளரின் பெயரைச் சொல்லாமல் கட்சிக்குப் பொதுவாக வாக்குக் கேட்கும் விளம்பரம் கட்சியின் கணக்கில் சேரும். சுயேச்சையின் ஒவ்வொரு நொடி விளம்பரமும் அவர் கணக்கிலேயே ஏறும்.

நாங்கள் விளம்பரம் கொடுத்த தனியார் பண்பலை நிலையத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஒலித்தரம் நன்றாக இருந்தது, அறிவிப்பாளரின் உச்சரிப்பும் தெளிவாக இருந்தது. ஆனால் காலை நேரத்துக்கு என்று பேசி முடித்த ஒலிபரப்புகளில் சில, பெரிய கட்சி ஒன்றின் மொத்த முன்பதிவு வந்தவுடன் நண்பகலுக்குத் தள்ளப்பட்டன. கேட்டபோது, எண்ணிக்கை குறையவில்லையே என்ற பதில் மட்டுமே கிடைத்தது. பால் வெட்டி முடித்து வீடு திரும்பும் தொழிலாளியும், ஏலம் முடிந்து துறைமுகத்திலிருந்து வரும் மீனவரும் கேட்கும் நேரம் வேறு, நண்பகல் நேரம் வேறு. விளம்பர ஒப்பந்தத்தில் நேரத்தைக் கட்டாயமாக எழுதி வாங்காத எவருக்கும் இது நேரலாம்.

எல்லையோரத் தொகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. 2024இல் வாக்குப்பதிவு நாள் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26. 2019இல் ஏப்ரல் 18, ஏப்ரல் 23. 2014இல் நிலைமை தலைகீழாக இருந்தது. கேரளம் ஏப்ரல் 10 அன்று வாக்களித்துவிட்டது, நாங்கள் ஏப்ரல் 24 வரை காத்திருந்தோம். அலைவரிசைக்குக் களியக்காவிளைச் சோதனைச்சாவடி தெரியாது. எங்கள் பக்கம் ஒலிபெருக்கிகள் அடங்கிய மாலையிலும், திருவனந்தபுரத்துப் பண்பலைகளில் அத்தொகுதிக்கான பரப்புரை தொடர்வது முறையானதே. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அந்தத் தொகுதியைச் சேர்ந்தவை, அவர்களுக்கு இன்னும் ஒரு வாரம் மிச்சம் இருந்தது. ஆனால் அந்த விளம்பரங்களில் ஒலிக்கும் தேசியக் கட்சிகளின் பெயர்களும் சின்னங்களும் எங்கள் வாக்குச்சீட்டிலும் உள்ளவை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அமைதி காக்க வேண்டிய 48 மணி நேரத்தில், மார்த்தாண்டத்து வாக்காளர் ஒருவர் தன் வீட்டு வானொலியில் ஒரு சின்னத்தின் பெயரைக் கேட்கிறார். இன்னொரு சின்னத்தின் பெயரை எங்கும் கேட்பதில்லை. ஒரு தேசியக் கட்சிக்கும் ஒரு சுயேச்சைக்கும் இடையே இதனால் உண்டாகும் வேறுபாட்டைத் தேர்தல் ஆணையம் எளிதில் போக்கலாம். எல்லையை ஒட்டிய தொகுதிகள் ஒரே நாளில் வாக்களிக்கும்படி அட்டவணை வகுத்தால் போதும்; 2021 சட்டமன்றத் தேர்தலில் இரு மாநிலங்களும் ஏப்ரல் 6 அன்று ஒன்றாக வாக்களித்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

சமுதாய வானொலியை நாடுவதில் பயனில்லை. சொந்தச் செய்தியும் அரசியலும் அதன் உரிம நிபந்தனைகளுக்கு வெளியே உள்ளவை. 100 வாட் ஆற்றலோடு சில கிலோமீட்டர் தொலைவுக்கு மட்டும் ஒலிக்கும் அந்த நிலையங்களை இந்தச் சுமையிலிருந்து விலக்கி வைத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து.

குற்ற வழக்குகள் உள்ள வேட்பாளர்கள் அவ்விவரங்களை நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிட வேண்டும் என்ற நடைமுறை, உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து வந்தது. வானொலி அந்தப் பட்டியலில் இல்லை. நாளிதழ் வாங்காத, பகலில் தொலைக்காட்சி முன் அமர முடியாத வாக்காளர்கள் இத்தனை பேர் இருக்கும் மாவட்டத்தில் இது ஒரு பெரிய விடுபடல்.

ஆகாசவாணிக்கு நான் முன்வைக்கும் கோரிக்கை ஏற்கெனவே உள்ள திட்டத்துக்குள் அடங்கக்கூடியது. கட்சிகளின் உரைகளோடு, தகுதி பெற்ற கட்சிகள் தலா ஒரு பிரதிநிதியை அனுப்பும் விவாத நிகழ்ச்சிகளுக்கும் தேர்தல் ஆணையத்தின் திட்டம் இடம் தருகிறது. அதே முறையில், அதே உள்ளடக்க விதிகளின் கீழ், உள்ளூர் நிலையம் அமைந்துள்ள தொகுதிகளில் எல்லா வேட்பாளர்களுக்கும் சம நேரம் கொடுத்து ஒரு பொது நிகழ்ச்சி நடத்தலாம். ஒவ்வொருவருக்கும் 3 நிமிடம், எல்லோருக்கும் ஒரே கேள்விகள், வரிசை குலுக்கல் மூலம் என்று வைத்துக்கொண்டால், வேட்பாளர்கள் எத்தனை பேர் இருந்தாலும் சில மாலைகளில் முடிந்துவிடும். ஒலிப்பதிவுக் கூடம் இருக்கிறது, அனுபவம் மிக்க அறிவிப்பாளர்கள் இருக்கிறார்கள், நேயர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த தேர்தலில் வானொலியைப் பயன்படுத்த எண்ணும் சிறு வேட்பாளர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் சொல்ல வேண்டும். சின்னத்தின் பெயருக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு, விளம்பர வாசகத்தை முன்பே எழுதி முடித்து, மற்ற பகுதிகளை ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சின்னம் ஒதுக்கப்பட்ட அன்றே அந்தப் பகுதியைச் சேர்த்துச் சான்றளிப்புக் குழுவிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். தமிழ், மலையாளம் இரண்டிலும் விளம்பரம் செய்வதாக இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து வடிவம் தயாராக இருக்கட்டும். பண்பலை நிலையத்தோடு போடும் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு ஒலிபரப்பின் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். ஒலிபரப்பானதற்கான சான்றிதழ் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணைக் காசோலையைக் கொடுங்கள். அந்தச் சான்றிதழின் நகல், செலவுக் கணக்கை ஒப்படைக்கும்போதும் தேவைப்படும்.